இடுக்கணிலும் இன்பம்

மகிழ்ச்சியை விரும்பாதார் உலகத்தில் ஒருவரும் இலர். குழவி தாய்முகங் கண்டு மகிழ்கின்றது; மாணாக்கன் தேர்வில் தேறி மகிழ்கின்றான்; உழவன் ஏரி நிரம்பக் கண்டு மகிழ்கின்றான். இம்மகிழ்ச்சிகளெல்லாம் நன்மையொன்று வந்தபோது உடன்வந்து, அந்நன்மை நீங்கும்போது உடன்நீங்குவன. நன்மை நீங்கிய பின்னும் நீங்காது நிற்கும் மகிழ்ச்சி ஒன்று உண்டோ? உண்டென்றே கிறிஸ்தவ வேதம் கூறுகின்றது. பவுல் அப்போஸ்தலர் காவலில் கட்டுண்டு கிடந்த காலத்திலேதான் பிலிப்பி நகரத்துச் சபையார்க்கு நிருபம் எழுதினார். சிறியதாகிய அந்நிருபத்திலே மகிழ்ச்சியைப் பற்றிய பேச்சு அடிக்கடி வருகின்றது. நம் திருவள்ளுவரும் இடுக்கணழியாமை என ஓரதிகாரம் வகுத்து, துன்பங்கண்டு துவளாதவன்முன் துன்பமே தோற்றுப்போம் என்னுங் கருத்தை வலியுறுத்தினார்.

இவ்விரண்டையும் யான் நம் கலாசாலையிலே கற்றேன். தமிழ் வகுப்பில் ஒன்றையும், வேதபாட வகுப்பில் மற்றொன்றையும் கேட்டு, தேர்வில் விரித்தெழுதி, நல்ல மதிப்பெண்ணும் பெற்றேன். ஆயினும், அவற்றின் பொருளை யான் உள்ளபடி அறியத் தொடங்கியது என் நாற்பத்திரண்டாம் வயதில், என் வலக்கை பயனற்றுப்போன பின்னரேயாம். அவ்வரலாற்றை நம் சஞ்சிகையில் எழுதுமாறு நண்பர் சிலர் பன்முறை கேட்டனர். தன் துன்பத்தைத் தானே பேசுதல் நாகரிகமன்று என்று கருதி இதுகாறும் வாளாவிருந்தேன். இப்பொழுது எழுதத் துணிந்தமைக்குக் காரணம், இது என் வரலாறு மட்டும் அன்று என்று யான் அறிந்துகொண்டமையே.

தாம்பரத்தினின்று செங்கற்பட்டு நோக்கிச் செல்லும் இருப்புப்பாதையிலே, பொத்தேரிக்கு அடுத்து வரும் சிறு நிலையம் காட்டாங்குளத்தூர். அதுவே என் ஊர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் யான் கலாசாலைக்கு நாடோறும் மின்வண்டியில் வந்துசென்ற காலத்தில், வண்டியின் இருபுறத்தும் ஏரியும், வயலும், புதர்க்காடுமே மிகுதியாகக் காணப்பட்டன. இன்றோ பல்கலைக்கழகக் கட்டடங்களும், அடுக்குமாடி வீடுகளும், தொழிற்சாலைகளும் நெருங்கி நிற்கின்றன. யான் பட்டம் பெற்றபின் அருகிலுள்ள பள்ளியொன்றில் தமிழாசிரியனாக அமர்ந்தேன். ஞாயிறுதோறும் எங்கள் ஊரிலுள்ள சிறிய ஜெபவீட்டில் ஆர்மோனியம் வாசிப்பதும் என் பணியாயிருந்தது. அப்பெட்டி மிகப் பழையது. துருத்தியில் ஒரு கிழிசல் உண்டு. இரண்டு கட்டைகள் மழைக்காலத்தில் ஒலிக்கமாட்டா. எனினும் அதன்முன் அமர்ந்து கீர்த்தனையொன்றைத் தொடங்கும்போது என் உள்ளத்தில் எழும் இன்பத்தை யான் விசுவாசம் என்றே எண்ணியிருந்தேன்.

2015-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் பெய்த பெருமழையை இச்சஞ்சிகையைப் படிப்போருட் பலர் மறந்திரார். தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. ஏரிகள் நிரம்பி வழிந்தன; அடையாறு கரைபுரண்டது; முடிச்சூர்ப் பக்கத்துத் தெருக்களில் படகு செலுத்தினர். என் தங்கை அப்பொழுது முடிச்சூரில் குடியிருந்தாள். அவளையும் அவள் குழந்தைகள் இருவரையும் மீட்டுவரச் சென்றவருள் யானும் ஒருவன். வெள்ளத்தின் அழுத்தத்தால் கதவு திறவாமையால், சன்னற் கண்ணாடியை உடைத்துப் பிள்ளைகளை வெளியே எடுத்தோம். இளைய பிள்ளையை வாங்கும்போது என் கால் வழுக்கிற்று. உடைந்து நின்ற கண்ணாடியின்மேல் என் வலக்கை விழுந்தது. பிள்ளைக்கு ஒன்றும் நேரவில்லை. எனக்கோ, மணிக்கட்டுக்குச் சற்று மேலே, உள்ளங்கைக்குச் செல்லும் நரம்புகள் இரண்டும் அறுந்துபோயின.

சாலைகளெல்லாம் நீரில் மூழ்கிக் கிடந்தமையால் மருத்துவமனையை அடைய நெடுநேரமாயிற்று. நரம்புகளைத் தைத்தனர், புண்ணும் ஆறிற்று, கை மட்டும் திரும்பி வரவில்லை. விரல்கள் கழுகின் நகம்போல் வளைந்து நின்றன. பெருவிரல் மற்ற விரல்களைச் சந்திக்க மறுத்தது. உள்ளங்கையில் உணர்ச்சி என்பதே இல்லை. சுண்ணக்கட்டியைப் பிடிக்க இயலாமல் இடக்கையால் கரும்பலகையில் எழுதினேன். என் எழுத்தைக் கண்டு முதல் வகுப்புப் பிள்ளையின் எழுத்து என்று மாணவன் ஒருவன் மெல்லச் சொன்னது என் செவியில் விழுந்தது. அவன் சொன்னது உண்மையே. சோற்றைப் பிசைந்துண்ணவும், சட்டைப் பொத்தானைப் பூட்டவும் பிறருதவி வேண்டியிருந்தது. ஆர்மோனியத்தை வேறொரு வாலிபர் வாசித்தார். யான் ஜெபவீட்டின் கடைசி வரிசையில், வாயிலருகே அமரத் தொடங்கினேன்.

அந்நாட்களில் என் உள்ளம் எந்நிலையிலிருந்தது என்பதை மறையாது கூறுவேன். கை போனதைக்காட்டிலும், ஒரு குழந்தையைக் காக்கச் சென்றபோது போயிற்றே என்பதே எனக்குப் பொறுக்கவொண்ணாததாயிருந்தது. களவு செய்யச் சென்ற கையன்றே! உடனிருந்தோர் பலர் நல்லெண்ணத்தோடு ஆறுதல் கூறினர். எல்லாம் நன்மைக்கே என்றார் ஒருவர். தேவன் தமக்குப் பிரியமானவரையே சோதிக்கிறார் என்றார் மற்றொருவர். எப்பொழுதும் மகிழ்ச்சியாயிருக்க வேண்டும், அதுவே விசுவாசத்திற்கு அடையாளம் என்றார் இன்னொருவர். துன்புற்றவனை நோக்கி மகிழ்ச்சியாயிரு என்று கட்டளையிடுதல், பசித்தவனை நோக்கி ஏப்பம் விடு என்பதை ஒக்கும். சபையார் பாடும்போது யான் வாய்திறவாது இருந்தேன். வெளியே ஒன்றும் உள்ளே ஒன்றுமாகப் பாடுவதினும் பாடாதிருப்பதே நேர்மை என்று எனக்குத் தோன்றிற்று. இன்றும் அவ்வெண்ணத்தை யான் முற்றும் தவறென்று கூறேன்.

2016-ஆம் ஆண்டு கோடைக்காலத்தில் ஒருநாள் காலை, காப்பி நிறைந்த எவர்சில்வர் தம்ளரை, பழக்கத்தினால், வலக்கையில் அணைத்துப் பிடித்தவண்ணம் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். அவ்வழியே வந்த என் மனைவி, "ஐயோ, கையைப் பாருங்கள்! கொப்புளமாகிவிட்டதே!" என்று அலறினாள். பார்த்தேன். இரண்டு விரல்களிலும் உள்ளங்கையின் ஓரத்திலும் தோல் வெந்து கொப்பளித்திருந்தது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. வலியில்லாதிருந்தது என்பதே அன்று எனக்குப் பெரிய அச்சத்தை விளைத்தது. என் உடலின் ஓருறுப்பு எரிந்துகொண்டிருக்கும்போது யான் செய்தித்தாளைப் படித்துக்கொண்டிருந்தேன் அன்றோ!

அடுத்த ஞாயிறு கையில் கட்டோடு ஜெபவீட்டிற்குச் சென்றேன். கடைசி வரிசையில் எனக்குப் பக்கத்தில் வழக்கமாக அமரும் மூதாட்டி ஒருவர் இருந்தார். ஊரில் அனைவரும் அவரை ஆயா என்றே அழைப்பர். பேரன் வீட்டில் வாழ்ந்துவந்தார். இரு கைகளிலும் விரல்கள் குறைந்து, அடிக்கட்டைகள் மட்டுமே நின்றன. பாட்டு நடக்கும்போது அக்கைகளை ஒன்றோடொன்று தட்டித் தாளமிடுவார், ஓசை எழாது. பல ஆண்டுகள் அவரைக் கண்டிருந்தும், வணக்கம் சொல்வதன்றி யான் பேசியதில்லை. அன்று அவர் என் கட்டை உற்று நோக்கி, "வாத்தியார் தம்பி, சுட்டுக்கொண்டீர்களா?" என்றார்.

"ஆம் ஆயா" என்றேன்.

"சுட்டது தெரியவில்லை அல்லவா?"

எனக்குத் திடுக்கிட்டது. கையில் புண்ணென்றால் வலிக்கிறதா என்றே அனைவரும் கேட்பர். வலிக்கவில்லை அல்லவா என்று கேட்டவர் அவர் ஒருவரே.

"எனக்குத் தெரியும், தம்பி. என் விரல்களெல்லாம் அப்படித்தான் போயின. நோய் தின்றது என்று சொல்வார்கள். நோய் தின்னவில்லை, அடுப்பும் கொதிக்கும் பானையும் அரிவாள்மணையும் தின்றன. எனக்குத் தெரியாமலே தின்றன" என்றார்.

ஆராதனை முடிந்தபின் வேப்பமரத்தடியில் அமர்ந்து அவர் தம் வரலாற்றைக் கூறினார். 1952-ஆம் ஆண்டில், பதினோராம் வயதில், மதுராந்தகத்துக்கு அப்பாலுள்ள ஒரு சிற்றூரினின்று அவர் தந்தை அவரை அழைத்துக்கொண்டு வந்து, செங்கற்பட்டை அடுத்த திருமணியிலுள்ள தொழுநோய் மருத்துவமனையின் வாயிலில் விட்டார். ஒரு துணிமூட்டையையும், பொரியுருண்டை நான்கையும் கையிற் கொடுத்து, நாளைக்கு வருகிறேன் அம்மா என்று கூறிப் போனார். பின்பு அவர் வரவேயில்லை. பெண் அங்கேயே வளர்ந்தாள். மருந்துண்டு நோய் நீங்கினாள். அங்கேயே நோய் நீங்கிய ஒருவரை மணந்தாள். தோட்டவேலை செய்து மக்களை வளர்த்தாள். அங்கே பிறர் பாடக் கேட்டு ஆண்டவரை அறிந்தாள்.

"இப்பொழுது யான் என்ன செய்வது ஆயா?" என்று கேட்டேன். மருத்துவரிடம் கேட்க வேண்டிய வினாவை அவரிடம் கேட்டேன். ஆயினும் அவர் விடை வைத்திருந்தார்.

"இரவு படுக்குமுன் விளக்கைக் கிட்டே வைத்துக்கொண்டு கையையும் காலையும் திருப்பித் திருப்பிப் பாருங்கள். அங்கே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது அதுதான். புண் இல்லையென்றால், ஸ்தோத்திரம் என்று சொல்வேன். புண் இருந்தால், பார்க்கக் கண்ணாவது கொடுத்தாரே என்று அதற்கும் ஒரு ஸ்தோத்திரம் சொல்லிக் கட்டிக்கொள்வேன். அறுபது வருஷமாய் இப்படித்தான். ஒருநாளும் விட்டதில்லை."

யான் சற்றே பொறுமையிழந்து, "உங்களுக்கு வருத்தமே இல்லையா ஆயா?" என்றேன்.

அவர் என்னை வியப்போடு நோக்கினார். "வருத்தம் இல்லாமலா? எங்கள் அப்பா வராமற் போன நாளை இன்றைக்கும் நினைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். வருத்தம் ஒரு பக்கம் இருக்கிறது. ஸ்தோத்திரம் ஒரு பக்கம் இருக்கிறது. ஒன்று வந்தால் மற்றது வீட்டை விட்டுப் போய்விட வேண்டும் என்று யார் சொன்னார்கள்? இரண்டும் ஓரகத்திகள் மாதிரி, தம்பி. மனத்தாங்கல் இருந்தாலும் ஒரே அடுப்பில்தான் சமைக்க வேண்டும்" என்றார்.

பல பிரசங்கங்களால் அசையாத என் உள்ளம் இவ்வொரு சொல்லால் அசைந்தது. மகிழ்ச்சி வரவேண்டுமாயின் துன்பம் முதலிற் போகவேண்டும் என்று யான் எண்ணியிருந்தேன். துன்பம் போகவில்லை, ஆகவே மகிழ்ச்சியும் வராது என்று முடிவு செய்திருந்தேன். அக்கணக்கே பிழையென்று அம்மூதாட்டி காட்டினார். அன்றிரவு முதல் யானும் விளக்கொளியில் என் கையைப் பார்க்கத் தொடங்கினேன். முதற் சில வாரங்களில் ஸ்தோத்திரம் என்னுஞ் சொல் என் வாயினின்று எளிதில் வரவில்லை. கையை மட்டும் பார்த்தேன். அதுவும் ஒரு ஜெபமே என்று பின்னர் உணர்ந்தேன்.

நிற்க. எங்கள் ஊரினின்று நான்காவது நிலையமாகிய செங்கற்பட்டை அடுத்துள்ள திருமணியைப் பற்றி யான் அதுவரை ஒன்றும் அறியேன். வண்டியில் கொளவாய் ஏரியைக் கடந்து எத்தனையோ முறை சென்றிருந்தும், அப்பாலிருப்பது யாதென வினவியதில்லை. பின்பு நூல்களைத் தேடிப் படித்தேன். அம்மருத்துவமனை 1924-ஆம் ஆண்டில் லேடி வில்லிங்டன் பெயரால் ஏற்பட்டது. ஸ்காத்லாந்து தேசத்துச் சபையின் மிஷனைச் சேர்ந்தோர் அதனை நடத்திவந்தனர். தொழுநோய் மருத்துவத்தில் உலகப் புகழ்பெற்ற ராபர்ட் காக்ரேன் என்பார் அங்கே பணிபுரிந்தார். 1955-ஆம் ஆண்டில் அது மத்திய அரசின் பொறுப்பிற்கு மாறி, இன்று தொழுநோய்ப் பயிற்சி, ஆராய்ச்சி நிலையமாக விளங்குகின்றது.

1947-ஆம் ஆண்டில் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியினின்று பால் பிராண்டு என்னும் இளம் அறுவை மருத்துவர் காக்ரேனைக் காண இங்கே வந்தார். தோட்டத்தின் ஊடே நடந்து செல்கையில், வளைந்து மடங்கிய விரல்களையுடைய நோயாளர் பலரைக் கண்டார். இத்தனை பேருடைய கைகளுக்கு எலும்பு மருத்துவர் என்ன செய்தனர் என்று வினவ, இக்கைகளை இதுவரை எவரும் ஆராய்ந்ததே இல்லை என்று விடை வந்தது. அவர் நோயாளர் ஒருவரை அணுகி, அவர் கையில் தம் கையைக் கொடுத்து, இயன்றமட்டும் இறுகப் பிடிக்கச் சொன்னார். வலியற்ற பிடியாயிருக்கும் என்று எதிர்பார்த்தவர்க்கு, விரல் நொறுங்கும்படியான பிடி வாய்த்தது. அதனால் அவர் அறிந்தது யாது? அக்கையின் தசைகள் சிலவே செயலிழந்தன. வேறு சில முழுவலிமையோடு உள்ளன. வலிமையுள்ள தசையின் நாணை எடுத்து, செயலிழந்த விரலோடு பிணைத்தால், கை மீண்டும் திறக்கும் என்பதே. இவ்வெண்ணத்தினின்று வேலூரில் கைகளுக்குரிய அறுவை மருத்துவம் வளர்ந்தது. அங்கிருந்து உலகெங்கும் பரவிற்று.

அவர் கண்ட மற்றோர் உண்மை இதனினும் பெரிது. தொழுநோயில் விரல்கள் தாமே அழுகி உதிர்வன என்றே உலகம் நெடுங்காலம் நம்பியது. அங்ஙனமன்று, நோய் நரம்பைத் தாக்கி உணர்ச்சியைப் போக்குகின்றது, உணர்ச்சியற்ற விரலைத் தீயும் முள்ளும், இரவில் எலியுங்கூடச் சிதைக்கின்றன, வலியில்லாமையால் நோயாளர் அதனை அறியார் என்று அவர் நிறுவினார். வலி மனிதனுக்குக் கிடைத்த கொடை என்பதே அவர் தம் வாழ்நாளெல்லாம் பேசியதும் எழுதியதும். ஆயா வேப்பமரத்தடியில் எனக்குக் கூறியதும் அதுவே. அவர் அதனை நூலினின்று கற்றவர் அல்லர்.

பிராண்டு அவர்கள் நம் நாட்டவரே என்று கூறின் பிழையாகாது. 1914-ஆம் ஆண்டில் மிஷனெரிப் பெற்றோர்க்குப் பிறந்து, கொல்லிமலையிலே வளர்ந்தவர். கல்வியின்பொருட்டு அவர் இங்கிலாந்தில் இருந்தபோது, 1929-ஆம் ஆண்டில், அவர் தந்தையார் மலையிலே கொடிய காய்ச்சலால் இறந்தார். தாயார் ஈவ்லின் அம்மையார், முதுமையிலும் இரண்டு மூங்கிற்கோல்களை ஊன்றியும், குதிரைமேல் ஏறியும் மலையூர்கள்தோறும் சென்று பணிபுரிந்து, 1974-ஆம் ஆண்டில் தொண்ணூற்றைந்தாம் வயதில் இளைப்பாறினார். துயர் தம்மை விட்டு நீங்கும்வரை காத்திருந்து பின் பணியாற்றுவோம் என்று அவ்வம்மையார் இருந்திருப்பாராயின், அம்மலையில் ஓரடியும் நடந்திரார்.

வேலூரில் கைமருத்துவர் உளர் என்று அறிந்து, 2017-ஆம் ஆண்டில் அங்கே சென்றேன். பிராண்டு அவர்கள் தொழுநோயாளர்க்கென வளர்த்த முறையே, நரம்பறுந்த என் போன்றவர்க்கும் உரியதாகும் என்றனர். வலிமையோடிருந்த தசைகளின் நாண்களை எடுத்துப் பெருவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் மாற்றிப் பிணைத்தனர். சில வாரம் மாவுக்கட்டோடு கிடந்தேன். கட்டவிழ்த்தபின், ஒரு வேலைக்குப் பழகிய தசைக்கு வேறொரு வேலையைக் கற்பிக்க வேண்டியிருந்தது. ஆசிரியனாகிய யான் என் கைக்கே ஆசிரியனானேன்; மாணாக்கனும் யானே. ஒரு பட்டாணியை எடுத்துக் கிண்ணத்தில் இட ஒரு முழுநாள் முயன்றதுண்டு. அது கிண்ணத்தில் விழுந்த ஓசையை இன்றும் மறவேன்.

அவ்விடத்தில் யான் கேள்வியுற்ற வரலாறு ஒன்றை மாணாக்கர்பொருட்டு இங்கே குறிப்பேன். மேரி வர்கீஸ் என்னும் அம்மையார் கொச்சியில் 1925-ஆம் ஆண்டில் பிறந்து, வேலூரில் மருத்துவம் பயின்றவர். 1954-ஆம் ஆண்டில் நேர்ந்த மோட்டார் விபத்தில் முதுகுத்தண்டு முறிந்து, இடுப்பின்கீழ் முற்றும் செயலிழந்தார். மருத்துவராக வாழவேண்டும் என்ற விருப்பம் அன்றோடு முடிந்தது என்று கருதினார். ஆயினும் கைகளும் கண்களும் எஞ்சியிருந்தன. சக்கரநாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை செய்யக் கற்றார். பின்பு அமெரிக்காவில் உடலியக்க மருத்துவம் பயின்று திரும்பி, வேலூரில் அத்துறையை நிறுவினார். 1966-ஆம் ஆண்டில் அங்கே மறுவாழ்வு நிலையம் ஒன்று எழுந்தது. 1972-ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது பெற்றார். 1986-ஆம் ஆண்டில் மறைந்தார். அவர் கால்கள் ஒருநாளும் திரும்பவில்லை என்பதை நாம் மறத்தல் கூடாது. ஜெபித்தால் இழந்ததெல்லாம் திரும்பும் என்று கூறுவார் சிலர். இவ்வம்மையார் வாழ்க்கை அங்ஙனம் கூறவில்லை. எஞ்சியதைக் கொண்டு என்ன செய்யலாம் என்று கேட்கத் துணிந்தவனுக்கு ஒரு மகிழ்ச்சி கிடைக்கும் என்றே கூறுகின்றது.

என் கையும் முற்றும் திரும்பவில்லை. பிடிக்கும், திறக்கும், எழுதும். ஆனால் உள்ளங்கையில் உணர்ச்சி மங்கலாகவே உள்ளது. இன்றும் இரவுதோறும் விளக்கொளியில் பார்க்கின்றேன். ஆர்மோனியத்தில் மூன்று விரல்களால் மெல்லிய பாட்டுக்களை வாசிப்பேன். விரைந்தோடும் பாட்டுக்களை வாலிபரிடமே விட்டுவிடுகின்றேன். 2018-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறந்தநாள் ஆராதனையில் யான் மீண்டும் பெட்டியின்முன் அமர்ந்தபோது தவறிய சுரங்கள் பல. கடைசி வரிசையில் ஆயா ஓசையில்லாத தாளம் இட்டுக்கொண்டிருந்தார்.

2021-ஆம் ஆண்டு மே மாதம், கொள்ளைநோயின் இரண்டாம் அலை நம் நாட்டை வருத்திய காலத்தில், ஆயா முதுமையினால் உயிர்நீத்தார். அப்பொழுது சாவு வீட்டிற்குப் பலர் கூடுதல் இயலாது. கல்லறைத் தோட்டத்தில் பேரனும், குருவானவரும், குழி வெட்டியவரும், யானும், வேறு சிலருமே முகக்கவசத்தோடு விலகி விலகி நின்றோம். ஆர்மோனியம் இல்லை, பாடகர் இல்லை. குருவானவர், எவரேனும் ஒரு பாட்டைத் தொடங்குங்கள் என்றார். ஒருகணம் எவரும் வாய்திறக்கவில்லை. பின்பு தொடங்கியவன் யானே. என் குரல் நடுங்கிற்று; கண்ணில் நீர் பெருகிற்று; ஆயினும் உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக யான் பாடவில்லை. வருத்தமும் ஸ்தோத்திரமும் ஒரே அடுப்பில் சமைத்தன. என்னையறியாமலே என் கைகள் தாளமிட்டன.

அம்மூதாட்டி வாழ்ந்த நாளிலேயே உலகமும் சிறிது மாறிற்று என்பதைக் கூறுதல் வேண்டும். தொழுநோயாளரை ஒதுக்கி அடைத்து வைக்க இடந்தந்த 1898-ஆம் ஆண்டுச் சட்டம் 2016-ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. தொழுநோயை மணமுறிவுக்குக் காரணமாக வைத்திருந்த சட்டப்பகுதிகள் 2019-ஆம் ஆண்டில் நீக்கப்பட்டன. கூட்டுமருந்துகளால் இந்நோய் இன்று முற்றும் தீரும். பதினோராம் வயதுப் பெண்ணை வாயிலில் விட்டுப்போக வேண்டிய நிலை இனி எந்தத் தந்தைக்கும் இல்லை. எனினும் அச்சமும் அருவருப்பும் சட்டத்தைப்போல் ஒருநாளில் நீங்குவன அல்ல. ஜெபவீட்டின் கடைசி வரிசையில் பல ஆண்டுகள் யான் ஆயாவோடு பேசாதிருந்ததற்கு வேறு காரணம் யாது? என் கை மரத்துப்போகுமுன்னரே என் உள்ளத்தில் ஓரிடம் மரத்துப்போயிருந்தது. அதனையும் வலியே எனக்குக் காட்டிற்று.

நம் வண்டிப்பாதையிலுள்ள பரங்கிமலையை நீவிர் யாவரும் அறிவீர். அப்போஸ்தலனாகிய தோமா அங்கே உயிர்விட்டார் என்பது நெடுங்காலமாக வழங்கிவரும் மரபு. அத்தோமா, உயிர்த்தெழுந்த ஆண்டவரை எதனாற் கண்டுகொள்ள விரும்பினார்? கைகளிலுள்ள காயங்களால். சாவை வென்றெழுந்தவர் தம் கைகளின் வடுக்களைப் போக்கிக்கொள்ளவில்லை. அவ்வடுக்களோடேயே சீடரிடம் வந்தார். அவ்வடுக்களைக் கண்டே சீடர் மகிழ்ந்தனர். மின்வண்டி அம்மலையைக் கடக்குந்தோறும் இதனை நினைக்கின்றேன். கிறிஸ்தவனுடைய மகிழ்ச்சி காயமில்லாத கையின் மகிழ்ச்சியன்று. காயம் ஆறிய கையின் மகிழ்ச்சி. சிலவேளை ஆறாத கையின் மகிழ்ச்சியுங்கூட.

அன்பிற்குரிய மாணாக்கர்காள்! நம் கலாசாலை 1937-ஆம் ஆண்டில் தாம்பரத்துக் காட்டில் குடிபுகுந்தது. அதற்கடுத்த ஆண்டு டிசம்பரில், உலகப்போர் மூளும் தறுவாயில், பல தேசத்துக் கிறிஸ்தவர் இவ்வளாகத்திலே மாநாடு கூடினர். ஒன்றோடொன்று போர்புரிந்துகொண்டிருந்த சீனத்தினின்றும் சப்பானினின்றும் வந்தோர் இம்மரநிழலிலே ஒருங்கிருந்தனர். போர் நிற்கும்வரை அவர் காத்திருந்தாரல்லர். நீவிரும் உமது துன்பம் தீரும்வரை மகிழ்ச்சியை ஒத்திவைத்தல் வேண்டா. தேர்வில் தோல்வி வரும், வேலை கிட்டாது போகலாம், பெற்றோர் நோயுறலாம், நண்பர் பிரியலாம். அப்பொழுது எவரேனும் வந்து மகிழ்ச்சியாயிரு என்று சொன்னால், முயன்று நகைக்கவும் வேண்டா. அவரைச் சினக்கவும் வேண்டா. இரவில் விளக்கைக் கிட்ட வைத்துக்கொண்டு, உமக்கு எஞ்சியிருப்பது யாதென்று திருப்பித் திருப்பிப் பார்மின். புண் இருப்பின் கட்டுமின். பக்கத்தில் கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவரோடு ஒரு சொல் பேசுமின். ஸ்தோத்திரம் வாயினின்று வாராதாயின், பார்த்ததே போதும். சொல் தானே வரும்.

இக்கட்டுரையைத் தட்டச்சுக்குக் கொடாமல் என் வலக்கையாலேயே எழுதினேன். எழுத்து அத்துணை அழகாயில்லை; அச்சுக் கோப்போர் பொறுத்தருள்க. எழுதி முடிக்க ஒன்பது நாள் ஆயிற்று. ஒவ்வொரு நாளும் எழுதியபின், பேனா உராய்ந்து புண்பட்டதோ என்று கையைப் பார்த்தேன். இன்றும் பார்த்தேன். புண் ஒன்றும் இல்லை. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.